பி.பி.டபிள்யூ. 343 வழிக் கோதுமை ரகத்தில் ஒய்ஆர்15, எல்ஆர்24, எல்ஆர்34 மூன்றும்: எத்தனை செடி, எந்த மார்க்கர்?

கேள்வி | விதைக்கூடை

வணக்கம். பி.பி.டபிள்யூ. 343 என்ற கோதுமையின் வழியில் வந்த ஒரு ரகம் மூல ரகமாக (மற்றப் பண்புகள் மாறாமல் காக்க வேண்டிய ரகம்) இருக்கிறது. விளைச்சலிலும் மணி நிறத்திலும் குறையில்லை. மஞ்சள் துரு வந்தால் படுத்துவிடுகிறது, இலைத் துருவும் ஏறுகிறது. பிற்கலப்பில் (கலப்பினத்தை மூல ரகத்தோடு திரும்பத் திரும்ப ஒட்டுவது) மூன்று துரு எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்ப்பதாகத் திட்டம் (ஒய்ஆர் மஞ்சள் துருவுக்கு, எல்ஆர் இலைத் துருவுக்கு, எஸ்ஆர் தண்டுத் துருவுக்கு):

ஒய்ஆர்15: அவோசெட் ரகத்தின் பின்னணியில் உள்ள வரிசையிலிருந்து.
எல்ஆர்34: தாட்சர் ரகத்தின் பின்னணியில் உள்ள ஆர்.எல். 6058-இலிருந்து.
எல்ஆர்24 (கூடவே எஸ்ஆர்24): எச்.டபிள்யூ. 2004-இலிருந்து.

மூல ரகத்தோடு மூன்றையும் தனித்தனியாக ஒட்டிய எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பு) விதை தயார். ஆய்வகத்தில் பி.சி.ஆர். இயந்திரமும் அகரோஸ் ஜெல்லும் மட்டும்தான். காஸ்ப் (ஒளிரும் சாயத்தால் மரபணு வடிவத்தைப் படிக்கும் முறை) வசதி இல்லை. ரபி பருவத்தில் சமவெளி, இடைப்பருவத்தில் நீலகிரி வெலிங்டன்.

1. ஒவ்வொரு தலைமுறையிலும் எத்தனை செடி வளர்க்க வேண்டும்?
2. மூன்றையும் முதலிலேயே ஒன்றாகச் சேர்ப்பதா, தனித்தனியாகக் கொண்டுபோய்க் கடைசியில் சேர்ப்பதா?
3. எல்ஆர்34-க்கு சி.எஸ்.எல்.வி.34 மார்க்கர் (மரபணுவை ஜெல்லில் பேண்டாக, அதாவது கோடாகக் காட்டும் டி.என்.ஏ. அடையாளம்) போட்டதில் மூல ரகத்தின் லேனிலேயே 150, 229 பேஸ்பேர் (டி.என்.ஏ. நீள அலகு) இரண்டு பேண்டும் வருகின்றன. ஏன்?
4. நோய்ப் பரிசோதனையை வெலிங்டனிலேயே முடித்துவிடலாமா?

---

பதில் 1 | குட்டைக்கை

எண்ணிக்கைக்கு முன்னால் ஒரு விஷயம். மூல ரகத்தில் 1ஆர்எஸ் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பி.பி.டபிள்யூ. 343-இல் 1பி குரோமோசோமின் குட்டைக் கை முழுவதும் போய், ரை தானியத்தின் 1ஆர் குட்டைக் கை (1ஆர்எஸ்) உட்கார்ந்திருக்கிறது. எல்ஆர்26, ஒய்ஆர்9, எஸ்ஆர்31 மூன்றும் அதில்தான். எல்ஆர்26-உம் ஒய்ஆர்9-உம் இந்தியாவில் எப்போதோ உடைந்துவிட்டன. எஸ்ஆர்31 மட்டும் தண்டுத் துருவுக்கு இங்கே இன்னும் நிற்கிறது. அதை உடைக்கும் யூஜி99 உகாண்டாவில் 1998-இல் சேகரித்த மாதிரியில் வெளிப்பட்டது, இந்தியாவுக்குள் வரவில்லை.

சிக்கல் இதுதான்: ஒய்ஆர்15 இருப்பதும் 1பி குட்டைக் கையில். ஒரே இடத்துக்கு இரண்டு போட்டி. கோதுமையின் கையும் ரையின் கையும் இணை சேர்ந்து துண்டு மாற்றிக்கொள்வதில்லை, ஆகவே ஒய்ஆர்15-உம் எஸ்ஆர்31-உம் உள்ள தூய வரிசை உங்களுக்குக் கிடைக்காது. ஒய்ஆர்15 ஒருபடித்தாக (இரண்டு பிரதியிலும்) வந்த செடியில் எஸ்ஆர்31 போயிருக்கும். மார்க்கர் எல்லாம் ‘சரி’ என்று காட்டும். மஞ்சள் துருவை மூடிவிட்டுத் தண்டுத் துருவுக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பீர்கள்.

எஸ்.சி.எம்.9 பிரைமரைப் போட்டுப் பாருங்கள். அந்த ரை கை மாற்றம் (1பிஎல்.1ஆர்எஸ்) இருந்தால் 207 பேஸ்பேரில் பேண்ட் வரும். இருந்தால் உங்கள் முன் இரண்டு வழி.

ஒன்று, ஒய்ஆர்15-ஐ விட்டுவிட்டு வேறு கையில் உள்ள மரபணுவை எடுப்பது. லூதியானாவில் 2017-இல் வெளிவந்த உன்னத் பி.பி.டபிள்யூ. 343 நல்ல முன்மாதிரி: எல்ஆர்37/ஒய்ஆர்17, எல்ஆர்76/ஒய்ஆர்70 என்ற இரண்டு ஜோடி. முதலாவது 2ஏ-யின் குட்டைக் கை, இரண்டாவது 5டி-யின் குட்டைக் கை. இரண்டும் 1ஆர்எஸ் பக்கமே போவதில்லை. எல்ஆர்37 வரும் 2என்எஸ் துண்டு கோதுமை பிளாஸ்ட் நோயையும் தடுக்கும் என்பது கொசுறு. 2016-இல் பங்களாதேஷில் பிளாஸ்ட் அடித்த பிறகு அங்கே கொண்டுவந்த பாரி கோம் 33-இல் இருப்பது இதே துண்டு.

இரண்டு, ஒய்ஆர்15-தான் வேண்டும் என்றால் 1ஆர்எஸ்-ஐ இழப்பதற்கு மனதைத் தேற்றிக்கொண்டு, தண்டுத் துருவுக்கு எஸ்ஆர்24-ஓடு எஸ்ஆர்2-ஐயும் சேர்ப்பது. எஸ்ஆர்24-ஐ மட்டும் நம்பாதீர்கள். அதை உடைக்கும் தண்டுத் துருவின் 40-1 வகை நீலகிரியிலேயே உண்டு. எஸ்ஆர்2-க்கு சி.எஸ்.எஸ்.ஆர்.2 மார்க்கர்: 337 பேஸ்பேர் துண்டை பி.எஸ்.பி.எச்.ஐ நொதியால் வெட்டினால் எஸ்ஆர்2 உள்ளதில் 172, 112, 53. இல்லாததில் 225, 112. மூல ரகத்திலேயே எஸ்ஆர்2 இருக்கக்கூடும், முதலில் அதைப் பாருங்கள். ரை கை போவதில் ஒரு லாபமும் உண்டு: அதன் செகலின் புரதம் மாவைப் பிசுபிசுக்க வைக்கும், அது குறையும்.

ஒய்ஆர்15 தனியாக என்றைக்கும் நிற்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2025-இல் பிரிட்டனில் அது உடைந்தது.

---

பதில் 2 | மேட்டாங்காடு

குட்டைக்கை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: ஆர்.எல். 6058 வேண்டாம். தாட்சர் சிவப்பு மணி. சிவப்பு நிற மரபணுக்கள் 3ஏ, 3பி, 3டி மூன்றின் நீளக் கையிலும் உட்காரக்கூடியவை. சிவப்பு ஓங்கு பண்பு. மணித் தோல் தாய்ச் செடியின் திசு என்பதால், இந்தத் தலைமுறைச் செடியின் நிற மரபு அது தரும் மணியில்தான் தெரியும். ஒரு தலைமுறை தாமதமாகத்தான் கண்டுபிடிப்பீர்கள். சந்தேகமான மணிகளை 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் சிவப்பு அடர்பழுப்பாகும், வெள்ளை வைக்கோல் நிறத்தில் நிற்கும்.

அதைவிட எளிய வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. எச்.டபிள்யூ. 2004 என்பது சி 306 என்ற ரகத்தில் எல்ஆர்24-ஐப் பிற்கலப்பால் ஏற்றியது. சி 306-இல் எல்ஆர்34 இருப்பதாகப் பதிவு உண்டு. உங்களிடம் உள்ள எச்.டபிள்யூ. 2004 விதையில் பத்துச் செடியைத் தனித்தனியாக சி.எஸ்.எல்.வி.34 போட்டுப் பாருங்கள். பத்திலும் 150 மட்டும் வந்தால் ஒரே கொடை ரகத்தில் இரண்டு மரபணு. மூன்று கொடை இரண்டாகச் சுருங்கும். அதன் எல்ஆர்24 வெள்ளை மணி வழியில் (டி.ஆர். 380-14) வந்தது, பழைய ஏஜென்ட் ரகத்தில் இந்தத் துண்டோடு ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பு இங்கே இல்லை. கவனிக்க வேண்டியது உயரம்: சி 306 நெட்டை, சாய்ந்துவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் நெட்டைச் செடிகளைக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

இனி எண்ணிக்கை. இரண்டு ஓட்டமாக ஓட்டுங்கள்.

அ ஓட்டம்: மூல ரகம் × மஞ்சள் துரு மரபணு (ஒய்ஆர்15-ஓ மாற்றோ). பிற்கலப்பில் பாதிச் செடியில் இருக்கும். 20 செடி போட்டால் சுமார் 10 தேறும்.

ஆ ஓட்டம்: மூல ரகம் × எச்.டபிள்யூ. 2004. எல்ஆர்24 (3டி நீளக் கை), எல்ஆர்34 (7டி குட்டைக் கை) இரண்டும் உள்ளது நாலில் ஒன்று. 40 போட்டால் சுமார் 10.

அந்தப் பத்தில் மூல ரகத்தின் மரபு எதில் அதிகம் என்று பின்னணி மார்க்கரால் பார்த்து இரண்டு மூன்று செடியை மட்டும் அடுத்த பிற்கலப்புக்கு எடுங்கள். 21 குரோமோசோமுக்கும் மூன்று வீதம் 63 எஸ்.எஸ்.ஆர். மார்க்கர் இருந்தால் ஜெல்லிலேயே சமாளிக்கலாம். தேர்வில்லாமல் போனால் மூல ரகத்தின் மரபு சராசரியாகப் பி.சி.1-இல் (முதல் பிற்கலப்பு) 75, பி.சி.2-இல் 87.5, பி.சி.3-இல் 93.75 சதவீதம். மிச்சமிருக்கும் கொடைத் துண்டுகளை மட்டும் அடுத்த தலைமுறையில் பார்த்தால் போதும். 63-ஐயும் திரும்ப ஓட்ட வேண்டியதில்லை.

பி.சி.2எஃப்1-இல் அ-வையும் ஆ-வையும் ஒட்டுங்கள். மூன்றும் உள்ளது எட்டில் ஒன்று: 23 செடி இருந்தால் குறைந்தது ஒன்று கிடைக்க 95 சதவீத வாய்ப்பு, 35 என்றால் 99. பத்துச் செடி வேண்டுமென்றால் 80 போடுங்கள். அதைத் தன் மகரந்தத்துக்கு விட்டால் மூன்றும் ஒருபடித்தாக வருவது 64-இல் ஒன்று. 191 செடியில் ஒன்று தேற 95 சதவீதம், 293-இல் 99. ஆனால் ஒரே செடியை வைத்து என்ன செய்வது? விளைச்சல், உயரம், மணி எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப் பத்தாவது வேண்டும், அதற்கு 640.

640-க்கும் மூன்று மார்க்கரும் போட்டால் 1,920 பி.சி.ஆர். அப்படிச் செய்யாதீர்கள். முதல் மார்க்கரை எல்லாவற்றுக்கும் போட்டு ஒருபடித்தான கால்பங்கை மட்டும் வைத்தால் 160. அதற்கு இரண்டாவது, மிச்சம் 40. அதற்கு மூன்றாவது. மொத்தம் 840-இல் முடிந்துவிடும். எந்த வரிசை என்பதும் முக்கியம்: இரண்டு அலீலையும் (மரபணுவின் மாற்று வடிவங்கள்) பிரித்துக் காட்டும் மார்க்கர் முன்னால், இருக்கு/இல்லை என்று மட்டும் சொல்லும் ஓங்கு மார்க்கர் கடைசியில்.

எல்ஆர்24-க்கு எஸ்.சி.எஸ்.73 (719 பேஸ்பேர்) ஓங்கு மார்க்கர். அது கடைசி 40-இல் சுமார் 30-க்குப் பேண்ட் காட்டும். அதில் 10-தான் தூயது. பிரித்தறிய அந்த 30-இன் அடுத்த தலைமுறை நாற்றுகளைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். குடும்பத்துக்கு 11 நாற்றில் ஒன்றுகூடப் பேண்ட் இல்லாமல் போகவில்லை என்றால் 95 சதவீத உறுதி. 16 நாற்று என்றால் 99. நாற்றுகளின் இலையை மொத்தமாக அரைத்து ஒரே டி.என்.ஏ. எடுத்தால் இதற்கு உதவாது, எல்லாமே ‘இருக்கு’ என்றுதான் வரும்.

ஒட்டும்போது மூல ரகமே தாயாக இருக்கட்டும், மகரந்தம் எஃப்1-இலிருந்து. அகற்றாமல் விட்ட மகரந்தப்பையால் தற்சேர்க்கை நடந்தால் அந்த விதை மூல ரகமே. மார்க்கரில் தானாகக் கழிந்துவிடும். எஃப்1-ஐத் தாயாக வைத்தால் அதன் தற்சேர்க்கை விதை மார்க்கரில் தேறி உள்ளே நுழைந்துவிடும்.

---

விதைக்கூடை

எஸ்.சி.எம்.9 போட்டாயிற்று. மூல ரகத்தில் 207 பளிச்சென்று வருகிறது, அவோசெட் லேன் காலி. எச்.டபிள்யூ. 2004-இல் பத்துக்குப் பத்தும் 150 மட்டும். ஆக ஆர்.எல். 6058 எஃப்1-ஐ மூட்டை கட்டிவிடுகிறேன். ஒய்ஆர்15-ஐ விடவும் மனமில்லை. சி.எஸ்.எஸ்.ஆர்.2-இல் மூல ரகம் 172, 112 காட்டுகிறது. 53 சரியாகத் தெரியவில்லை. மூன்றாவது கேள்விக்கு மட்டும் இன்னும் விடை வரவில்லை.

---

பதில் 3 | ஜெல்லும் நிழலும்

53 பேஸ்பேர் துண்டு 2 சதவீத ஜெல்லில் பிரைமர் குப்பையோடு கலந்து மங்கலாகத்தான் தெரியும். 225 இல்லாமல் 172 இருந்தால் எஸ்ஆர்2 உண்டு என்றே கொள்ளலாம். 225-உம் 172-உம் சேர்ந்து வந்தால் இருபடித்தான (மரபணு ஒரு பிரதியில் மட்டும் உள்ள) செடியாக இருக்கலாம், நொதி முழுதாக வெட்டாமலும் இருக்கலாம். வெட்டும் நேரத்தைக் கூட்டி மறுபடி பாருங்கள். ஆக எஸ்ஆர்2 மூல ரகத்திலேயே இருப்பது உங்கள் நல்ல காலம். பிற்கலப்பில் அது பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும். கடைசி வரிசைகளில் ஒருமுறை சரிபார்த்தால் போதும். உமியில் பொய்க் கருமை தெரிவதும் அதன் அடையாளம்.

ஒய்ஆர்15-ஐயே வைத்துக்கொள்வதால் ஒரு வசதி: எஸ்.சி.எம்.9 ஓங்கு மார்க்கர், ஆனால் இங்கே அது எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. எஃப்2-இல் 207 வராத செடி இரண்டு 1பிஎஸ் கைகளும் உள்ளது. அந்தக் கை உங்கள் பிற்கலப்பில் அவோசெட் வழியாக மட்டுமே வந்திருக்க வேண்டும் (ஆ ஓட்டத்திலிருந்து சி 306-இன் 1பிஎஸ் வரக்கூடும், அதைப் பி.சி.2-இல் 207-ஐ வைத்துப் பிரிக்க முடியாது, மூல ரகத்தின் 1ஆர்எஸ் எல்லாச் செடியிலும் இருக்கும்; அந்த ஓட்டத்தில் ஒட்ட எடுக்கும் செடியில் 1ஆர்எஸ் இரண்டு பிரதியும் இருப்பதை அதன் தற்சேர்க்கைச் சந்ததியில் உறுதிசெய்யுங்கள்). அப்படியானால் ‘207 இல்லை’ என்றால் ஒய்ஆர்15 ஒருபடித்தானது என்று பொருள். கூடவே ஒய்ஆர்15-க்கு அருகிலுள்ள பார்க்8 அல்லது ஜி.டபிள்யூ.எம்.413-ஐயும் போட்டு ஒத்துப் பாருங்கள். 2018-இல் மரபணு பிரித்தெடுக்கப்பட்ட பிறகு அதற்குள்ளேயே விழும் மார்க்கர்களும் வந்துவிட்டன. இன்னொரு பக்கம், ரை கையோடு இணை சேராததால் அவோசெட்டின் அந்தக் கை அப்படியே முழுசாக வரும். பக்க மார்க்கர் வைத்து அதைச் சுருக்கப் பார்ப்பது வீண் வேலை. எல்ஆர்24 துண்டுக்கும் இதேதான், அது உயரக் கோதுமைப்புல்லிலிருந்து வந்தது. பக்கத் துண்டை வெட்டிச் சுருக்கும் உழைப்பை எல்ஆர்34-க்கு மட்டும் செலவிடுங்கள்.

இப்போது உங்கள் இரட்டைப் பேண்ட். சி.எஸ்.எல்.வி.34 இரண்டு அலீலையும் காட்டும்: எல்ஆர்34 இருந்தால் 150, இல்லாவிட்டால் 229, இருபடித்தானதில் இரண்டும். தூய ரகத்தில் இரண்டும் வர மூன்று காரணம் உண்டு. பல நாற்றின் இலையைச் சேர்த்து டி.என்.ஏ. எடுத்திருக்கலாம், விதையில் கலப்பு இருந்தால் இரண்டும் தெரியும். ரகமே உள்ளுக்குள் சீராக இல்லாமல் இருக்கலாம். அல்லது மாசு. டி.என்.ஏ. போடாத வெற்று லேனில் 150 தெரிந்தால் பிரைமர், தண்ணீர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். வெற்று லேன் சுத்தமாக இருந்தால் பத்து நாற்றைத் தனித்தனியாகப் பாருங்கள். சிலது 150, சிலது 229 என்று பிரிந்தால் 229 காட்டும் ஒரே செடியின் சந்ததியை மூல ரகமாக வைத்து மறுபடி தொடங்குவது நல்லது. அல்லது 150 காட்டும் செடியையே மூல ரகமாக்கிவிட்டால் எல்ஆர்34-ஐத் துரத்தும் வேலையே மிச்சம்! அந்தச் செடி மற்றப் பண்புகளில் ரகத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான் எழுதும் கலவை: 10 மைக்ரோலிட்டரில் 50 நானோகிராம் டி.என்.ஏ., மக்னீசியம் 1.5 மில்லிமோலார், டி.என்.டி.பி. தலா 0.2 மில்லிமோலார், பிரைமர் தலா 0.25 மைக்ரோமோலார், டாக் 0.5 யூனிட். 94 டிகிரியில் 4 நிமிடம். பிறகு 94-இல் 30 விநாடி, 55-இல் 30, 72-இல் 45 என 35 சுற்று. கடைசியில் 72-இல் 7 நிமிடம். ஜெல் 2.5 சதவீதம். சின்னத் துண்டு சுலபமாகப் பெருகும், ஆகவே இருபடித்தான செடியில் 229 மங்கி, 150 மட்டும் இருப்பதுபோல் தோன்றும். பிற்கலப்புத் தலைமுறையில் 150 மட்டும் காட்டும் செடி இருக்கவே கூடாது. இருந்தால் 229 பெருகவில்லை, அல்லது வெளி விதை கலந்திருக்கிறது.

719 மார்க்கரில் பேண்ட் இல்லாததை ‘மரபணு இல்லை’ என்று எழுதுவதற்கு முன் டி.என்.ஏ. நன்றாக இருந்ததா என்று காட்டும் கட்டுப்பாடு வேண்டும். அதற்கு 150/229-ஐ நம்பக் கூடாது: சிதைந்த டி.என்.ஏ.விலும் சின்னத் துண்டு வந்துவிடும், 719 வராது. எல்ஆர்34 மரபணுவுக்குள்ளேயே உள்ள சி.எஸ்.எஸ்.எஃப்.ஆர்.5-ஐப் போடுங்கள்: இருந்தால் 751, இல்லாவிட்டால் 523. எந்தச் செடியிலும் ஒன்று வந்தாக வேண்டும், நீளமும் 719-க்குப் பக்கம். சி.எஸ்.எல்.வி.34-க்கும் மரபணுவுக்கும் இடையே சிறு தூரம் இருப்பதால் எப்போதாவது அறுந்துபோகும். அதையும் இது கடைசியில் பிடித்துக்கொடுக்கும்.

டி.என்.ஏ.வுக்கு 10 முதல் 14 நாள் நாற்றின் இளம் இலை, மூன்று நாலு சென்டிமீட்டர் போதும். 65 டிகிரி சி.டி.ஏ.பி. கரைசலில் 45 நிமிடம், குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் 24:1. முற்றிய இலையில் சர்க்கரைப் பொருள் கூடி டி.என்.ஏ. கோழையாகி, பி.சி.ஆர். பாதியில் படுத்துவிடும். முடிவு பூக்கும் முன் கைக்கு வர வேண்டும்; கதிர் வந்த பிறகு வந்த முடிவை வைத்து ஒட்ட முடியாது.

---

பதில் 4 | கூடலூரான்

நாலாவது கேள்விக்கு: முடியாது, ஒரு பகுதி மட்டும் முடியும்.

இலைத் துருவும் தண்டுத் துருவும் நீலகிரியில் ஆண்டு முழுவதும் உயிரோடு இருப்பவை. நீலகிரியும் பழனி மலையும் இந்த இரண்டுக்கும் மூலக்களம் என்பதைத் துரு ஆய்வாளர் கே.சி. மேத்தா எப்போதோ காட்டிவிட்டார். எல்ஆர்24, எஸ்ஆர்24, எஸ்ஆர்2 மூன்றும் என்ன செய்கின்றன என்று வெலிங்டனில் நன்றாகவே பார்க்கலாம். எஸ்ஆர்24-ஐ உடைக்கும் 40-1 இருப்பதால் எஸ்ஆர்2-இன் அருமையும் அங்கேதான் தெரியும். மஞ்சள் துரு வேறு கதை. தெற்கு மலைகளில் இருப்பது ஐ (38எஸ்102) வகை. பஞ்சாபிலும் இமயமலை அடிவாரத்திலும் அடிக்கும் 46எஸ்119, 78எஸ்84, 110எஸ்119 இங்கே இல்லை. வெலிங்டனில் மஞ்சள் துரு வரவில்லை என்பதை வைத்து ஒய்ஆர்15 வேலை செய்கிறது என்று எழுதினால் அது பொய்ச் சான்று. வடக்கு வகைகளைத் தெற்கே கொண்டுவந்து பூசுவதும் தப்பு. நாற்றுப் பரிசோதனைக்கு விதையைச் சிம்லா ஃபிளவர்டேல் கோதுமைத் துரு ஆய்வு நிலையத்துக்கு அனுப்புங்கள், வளர்ந்த செடிப் பரிசோதனையை வடக்கே வையுங்கள்.

இடைப்பருவத்துக்கு ஏப்ரலில் அறுத்த விதையை உடனே விதைத்தால் உறக்கம் கலையாமல் முளைப்பு விட்டுவிட்டு வரும். ஈரத்தாளில் 4 டிகிரியில் நாலைந்து நாள் வைத்து எடுங்கள். மழையில் மகரந்தம் கழுவப்படும், கதிரிலேயே மணி முளைக்கும்; அகற்றிய கதிரை உடனே பட்டர்பேப்பர் பையால் மூடி, மணி மஞ்சளானதும் வெட்டி உள்ளே காய வையுங்கள்.

---

வரப்பு

எல்ஆர்34-க்கு இவ்வளவு மார்க்கர் எதற்கு? நாற்றுக்குத் துரு பூசி, தாங்கியதை மட்டும் வைத்தால் ஆகாதா?

---

குட்டைக்கை

ஆகாது நண்பரே. எல்ஆர்34 வளர்ந்த செடியில் வேலை செய்வது. நாற்றில் எல்ஆர்34 மட்டும் உள்ளதும் துருப்பிடித்தே நிற்கும். நீங்கள் சொன்னபடி செய்தால் எல்ஆர்24 உள்ளதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எல்ஆர்34-ஐத் தெரியாமல் தூக்கி எறிவீர்கள். வளர்ந்த செடியிலும் எல்ஆர்24 இலைத் துருவை மூடிவிடும், ஒய்ஆர்15 மஞ்சளை மூடிவிடும். பின்னால் எல்ஆர்34 இருக்கிறதா என்று கண்ணால் தெரியாது. இந்தக் கூட்டில் மார்க்கர் உண்மையிலேயே தேவைப்படுவது அதற்குத்தான்.

இலை நுனி காய்வது அதன் அடையாளம் என்பார்கள். பின்னணியைப் பொறுத்து நன்றாகத் தெரியும், சிலதில் தெரியவே தெரியாது. எல்ஆர்46, எல்ஆர்67-உம் அதையே செய்யும். உப்புத் தண்ணீரும் யூரியாவும்கூட.

---

கூடலூரான்

வயலில் எழுதும்போது ஒன்று. எல்ஆர்34 மட்டும் உள்ள ஒப்பீட்டு வரிசையில் துரு பூஜ்யமாக இருக்காது. 10எம்.ஆர்., 20எம்.எஸ். என்று எழுதுவீர்கள் (எண் துருப்பிடித்த பரப்பின் சதவீதம்; எம்.ஆர். ஓரளவு எதிர்ப்பு, எம்.எஸ். ஓரளவு தாங்காதது, எஸ். தாங்காதது). தாக்கக் குணகம் போடும்போது எம்.ஆர்.-ஐ 0.4-ஆல், எம்.எஸ்.-ஐ 0.8-ஆல், எஸ்.-ஐ 1-ஆல் பெருக்குங்கள்: 10எம்.ஆர். என்றால் 4, 20எம்.எஸ். என்றால் 16, பக்கத்தில் துரு எளிதில் பிடிக்கும் ஆக்ரா லோக்கல் ரகம் 80எஸ். என்றால் 80. ஒரே நாள் பார்வையை வைத்து முடிவெடுக்காமல் பத்து நாளுக்கு ஒருமுறை மூன்று நாலு தடவை எழுதுங்கள்; எல்ஆர்34-இன் பலன் துரு மெதுவாக ஏறுவதில்தான் தெரியும். ஆக்ரா லோக்கல் 80-ஐத் தொடாத ஆண்டில் அந்தப் பக்கத்தை முடிவுக்கு எடுக்க வேண்டாம்.

---

விதைக்கூடை

நன்றி, எல்லோருக்கும். ஒய்ஆர்15 அ ஓட்டம், எச்.டபிள்யூ. 2004 ஆ ஓட்டம். மூல ரகத்தில் பத்து நாற்றுத் தனித்தனியாக ஓட்டியாயிற்று: 3-இல் 150, 7-இல் 229, வெற்று லேன் சுத்தம். 150 காட்டிய மூன்றின் கதிரையும் பை போட்டு வைத்திருக்கிறேன்.